மயோர்க்காவில் மலிவு கடற்கரை விடுமுறை, கூடவே கொஞ்சம் பறவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிற நான்கு பேர். மனைவிக்குக் கடல் வேண்டும், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் வேண்டும், எனக்குப் பறவை வேண்டும், எல்லாவற்றுக்கும் காசு கொடுப்பது ஒரே வங்கிக் கணக்கு. ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவுக்கு இப்படி மூன்று முறை போய் வந்துவிட்டோம். திரும்பி வந்ததும் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மத்தியதரைக் கடலோரம் எவ்வளவோ இடம் இருக்கிறது. ஏன் மயோர்க்கா?

தீவின் வடகிழக்கில் அல்கூதியா வளைகுடா என்று ஒன்று. போர்ட் அல்கூதியாவிலிருந்து கான் பிகாஃபோர்ட் வரை நீளமான மணல் கடற்கரை, அதை ஒட்டி வரிசையாக ஓட்டல்கள், ஓட்டல்களுக்குப் பின்னால் ஒரு நெடுஞ்சாலை. அந்தச் சாலையைக் குறுக்கே கடந்தால் சாலபுஃபேரா என்கிற சதுப்பு நிலம், ஏறக்குறைய 1,700 ஹெக்டேர், நாணலும் வாய்க்காலும் உப்புத் தண்ணீருமாக. 1988இல் இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மலிவு பேக்கேஜில் வந்து இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தங்கள் பால்கனிக்குப் பின்னால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஓட்டல் அறையிலிருந்து செருப்போடு நடந்து போய்ப் பார்க்கிற அளவுக்கு இவ்வளவு பெரிய சதுப்பு கிடைப்பது அபூர்வம், அதுதான் காரணம்.

எந்தப் பக்கம் ரூம் எடுப்பது?

பிளாயா தே மூரோ, அல்லது போர்ட் அல்கூதியாவின் தெற்குக் கோடி. பூங்கா வாசல் 'ஆங்கிலேயர் பாலம்' என்று பொருள்படும் போன்ட் தெல்ஸ் ஆங்லேசோஸ் என்கிற இடத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி இந்தச் சதுப்பை வற்றவைத்து விவசாய நிலமாக்கப் பார்த்துத் தோற்றுப்போனது, பெயர் மட்டும் பாலத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் வெட்டிய வாய்க்காலின் ஓரமாகத்தான் இப்போது நாம் பறவை பார்த்துக்கொண்டு நடக்கிறோம்.

ரூம் எடுக்கும்போது 'கடல் தெரியும் அறை'க்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பின்பக்கத்து அறை மலிவு, சதுப்பின் மேல் பறப்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சின்னச் சமையலறை உள்ள அடுக்ககமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு குக்கரும் கொஞ்சம் புளியும் கூட வந்தால் வாரச் செலவில் எவ்வளவு மிஞ்சும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்த மாதம் போவது?

பறவைக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை. ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்புகிற வலசைப் பறவைகள் தீவில் இறங்கி இளைப்பாறும், உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டிக்கொண்டிருக்கும். ஈஸ்டர் வாரத்தில் விமான டிக்கெட் விலை எகிறும், பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம் பாதியாகக்கூட இறங்கும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் அக்டோபர் கடைசி லீவு அடுத்த நல்ல வழி. கடல் இன்னும் குளிக்கிற சூட்டில் இருக்கும், வடக்கிலிருந்து வருகிற பறவைகளும் வந்து சேர ஆரம்பித்திருக்கும். குளிர்காலத்தில் சதுப்பு நிறையப் பறவைகள் உண்டு, ஆனால் கடற்கரை ஓட்டல்களில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கும், அப்போது அது கடற்கரை விடுமுறையாக இருக்காது.

குடும்பத்தோடு போய்விட்டு நான் மட்டும் பறவை பார்க்கப் போனால் வீட்டில் சண்டை வராதா?

வரும். முதல் முறை வந்தது. 'இன்னும் ஐந்து நிமிஷம்' என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தேன், சின்னவள் அழுது தூங்கியே போய்விட்டாள்.

இப்போது ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை என் நேரம், ஓட்டலில் காலை உணவு முடிவதற்குள் மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பிறகு பகல் முழுக்கக் கடற்கரை, பைனாகுலர் பையை விட்டு வெளியே வரக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யார் வருகிறார்களோ அவர்களோடு ஒரு நடை. ஒரே ஒரு நாள் மட்டும் முழுப் பகலும் எனக்கு. அந்த ஒரு நாள் எது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், வானிலை பார்த்து மாற்றக் கூடாது. இந்தக் கடைசி விதி என் மனைவி போட்டது.

பூங்கா ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறதாமே, விடியற்காலையில் எங்கே போவது?

இது நியாயமான கேள்வி, பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் பாலத்தின் மேல் நின்று வாய்க்காலைப் பார்க்கலாம், இராக்கொக்குகள் இரவு வேட்டை முடிந்து திரும்புகிற நேரம் அது. ஆனால் என் முதல் பரிந்துரை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். ஆமாம், சாக்கடைதான். சதுப்பின் தெற்கு விளிம்பில், கான் பிகாஃபோர்ட்டுக்குப் பின்புறம் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு மேட்டின் மேல் பார்வைத் தளம் கட்டியிருக்கிறார்கள், அதற்கு வாசலும் இல்லை, பூட்டும் இல்லை. தட்டையான ரோடு, வாடகைச் சைக்கிளில் போய்விடலாம். அல்கூதியா பக்கம் சைக்கிள் பந்தயக்காரர்களின் ஊர் என்பதால் தெருவுக்கொரு சைக்கிள் கடை உண்டு.

காற்று உங்கள் பக்கம் அடித்தால் வாடை வரும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். தலைக்கு மேல் நூற்றுக்கணக்கில் உழவாரன் குருவிகள், கீழே குட்டையில் வாத்துகள், நாணலுக்கு மேல் தாழப் பறந்து வருகிற சேற்றுப் பூனைப்பருந்து. ஒரு முறை சூரியன் முழுதாக ஏறுவதற்கு முன்பே பக்கத்து வயலில் கண்கிலேடி என்கிற பறவை கத்துவது கேட்டது. நீண்ட ஊளை. சின்ன வயதில் இரவில் கேட்டுப் பயந்த அதே ரகம். கொசு உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பூங்காவுக்குள் என்னதான் பார்க்கலாம்?

வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் சா ரோக்கா என்கிற வரவேற்பு மையம். அங்கே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், இலவசம். கழிப்பறை உண்டு, டீக்கடை கிடையாது, தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். போகிற வழியிலேயே மரங்களில் கொக்குக் குடியிருப்பு இருக்கிறது: உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, இராக்கொக்கு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடு கட்டி, கீழே பாதை வெள்ளையடித்த மாதிரி இருக்கும். நம் மடையானுக்கு உறவுக்காரனான இன்னொரு சிறு கொக்கும் வாய்க்கால் ஓரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும், பறக்கும்போது திடீரென்று வெள்ளையாகிவிடும். அந்த வித்தையைப் பார்த்ததுமே மடையான் குடும்பம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சா ரோக்காவிலிருந்து இரண்டு மூன்று பாதைகள் பிரிகின்றன, ஒவ்வொன்றிலும் மரத்தால் கட்டிய மறைவறைகள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து நீளமான ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். பிஷப் என்று பெயரிட்ட இரண்டு மறைவறைகள் எனக்குப் பிடித்தவை, நெடுங்கால் உள்ளான்கள் பத்தடி தூரத்தில் நடக்கும்.

ஆனால் நீங்கள் தேட வேண்டியது இரண்டு கோழிகளை.

ஒன்று நீலத் தாழைக்கோழி. நம் ஊர் ஏரிகளில் இருப்பதற்கு மிக நெருங்கிய உறவு, பறவையியலாளர்கள் இப்போது தனித்தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். நம்முடையதற்குத் தலை சாம்பல் பூத்திருக்கும், இதற்கு அடர் நீலம். மயோர்க்காவில் இது முற்றிலும் அழிந்துபோய், 1991இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று சதுப்பு முழுக்க இதன் ஊதல் சத்தம்தான். மறைவறைக்குக் கீழேயே ஒன்று நின்று நாணல் தண்டைப் பிடுங்கியதைப் பார்த்தேன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றொரு காலின் நீண்ட விரல்களால் தண்டைக் கையில் பிடிக்கிற மாதிரி தூக்கிப் பிடித்து, அலகால் மேல்தோலை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கிற வெள்ளைக் குருத்தை மட்டும் கடித்துத் தின்றது. கரும்பு தின்கிற ஆள் மாதிரியே. என் பெரியவனுக்குப் பறவைமேல் அக்கறை வந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இரண்டாவது, கொம்பு நாமக்கோழி. நாமக்கோழி தெரியும் இல்லையா, கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். இதற்கு அந்த நாமத்தின் மேல் முனையில் இரண்டு சிவப்புப் பொட்டு, குங்குமம் வைத்த மாதிரி. உள்ளூர் கத்தலான் மொழியிலும் 'கொம்புள்ள நாமக்கோழி' என்கிற பொருளில்தான் பெயர். ஐரோப்பாவில் மிக அரிது, இங்கே 2004இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். சிக்கல் என்னவென்றால் இனப்பெருக்கக் காலம் முடிந்தால் பொட்டு சுருங்கிவிடும், அப்புறம் சாதாரண நாமக்கோழிக் கூட்டத்தில் இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கழுத்தில் எழுத்துப் போட்ட வெள்ளை வளையம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், வளர்த்து விட்ட பறவைகள் சிலவற்றுக்கு அது உண்டு. நான் இரண்டாவது பயணத்தின் கடைசி நாளில்தான் பார்த்தேன்.

ஒரே சதுப்புக்கு நான்கு ஐந்து நாள் போனால் அலுக்காதா?

அலுக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் பயணத்தில் இடம் இடமாக அலைந்து, பஸ்ஸிலும் காரிலும் பாதி நாள் போய், பட்டியலில் எண்ணிக்கை கூடியதே தவிர எதையும் ஒழுங்காகப் பார்த்த மாதிரி இல்லை. இரண்டாவது முறை ஆறு நாளில் நான்கு நாள் அதே இடத்துக்குப் போனேன். நேற்று இல்லாதது இன்று இருப்பது அப்போதுதான் தெரியும்: இரவில் காற்று மாறி அடித்திருந்தால் காலையில் புதர்களில் புதிதாக வலசைக் குருவிகள் இறங்கியிருக்கும், அடுத்த நாள் ஒன்றுகூட இருக்காது. எந்த மேட்டில் எந்த உள்ளான் அடைகாக்கிறது என்பது தெரிந்துவிட்டால் அது பருந்தைப் பார்த்துக் கத்துகிறதா, உங்களைப் பார்த்துக் கத்துகிறதா என்பதும் புரியும். காசும் மிச்சம். பட்ஜெட் குறைவு என்பது இந்த ஒரு விஷயத்தில் அனுகூலம்.

எங்களுக்கு ஆகஸ்டில்தான் லீவு. வீண்தானா?

சதுப்பில் தண்ணீர் வற்றியிருக்கும், வெயில் முப்பது டிகிரியைத் தாண்டும், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எலியனோரா வல்லூறு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஆகஸ்ட்தான் பருவம். மற்றப் பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும், இது கோடைக் கடைசியில் பொரிக்கும். ஏனென்றால் அப்போதுதான் ஐரோப்பாவின் சிறு பறவைகள் லட்சக்கணக்கில் தெற்கு நோக்கிக் கடலைக் கடக்கும், களைத்து வருகிற அவற்றைக் கடலுக்கு மேலேயே பிடித்துத் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். ஊரே கல்யாணத்துக்குப் போகிற நாளில் பஸ் ஸ்டாண்டு வாசலில் கடை போடுகிற மூளை. வேலை முடிந்ததும் ஆப்பிரிக்காவைக் குறுக்கே தாண்டி மடகாஸ்கருக்குப் போய்விடும்.

பெயர் பதினான்காம் நூற்றாண்டில் சார்டினியாவில் ஆட்சி செய்த எலியனோரா என்கிற பெண்ணுடையது, வல்லூறுக் கூடுகளைச் சட்டம் போட்டுக் காத்தவர். ஃபோர்மென்தோர் முனைக்குப் போகிற வழியில் பாறைகளுக்கு மேல் பார்க்கலாம். கோடையில் அந்தச் சாலையில் சொந்தக் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, போர்ட் பொயென்சாவிலிருந்து பஸ் பிடியுங்கள். மே மாதத்தில் வந்தால் அலையவே வேண்டாம், சாலபுஃபேரா நாணலுக்கு மேலேயே தட்டான் பிடித்துப் பறந்துகொண்டே தின்னும்.

பூநாரை?

சாலபுஃபேராவில் எப்போதாவது சில. தெற்கே எஸ் திரெங்க் கடற்கரைக்குப் பின்னால் இருக்கிற காம்போஸ் உப்பளத்தில் கூட்டமாக இருக்கும், வடக்கிலிருந்து பஸ்ஸில் போய் வருவது தொல்லை. பூநாரைதான் குறி என்றால் தீவையே மாற்றுங்கள்: குளிர்காலத்தில் சைப்பிரஸின் லார்னகா உப்பேரி, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அலிக்காந்தேவுக்கு மலிவு விமானம் கிடைத்தால் சாந்தா போலா உப்பளத்தில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

கார் எடுக்க வேண்டுமா?

வாரம் முழுக்க வேண்டாம். தீவின் டி.ஐ.பி. பஸ்கள் நன்றாக ஓடுகின்றன, வங்கி அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டினால் ரொக்கம் கொடுப்பதைவிடக் குறைவாகவே பிடிக்கும். இறங்கும்போது தட்ட மறந்தால் முழுத் தூரத்துக்கும் பிடித்துக்கொள்ளும், கவனம். முதல் முறை வாரம் முழுக்க வாடகைக் கார் எடுத்து, அதில் நான்கு நாள் ஓட்டல் வாசலில் வெயில் காய்ந்தது, திருப்பிக் கொடுக்கும்போது முன்பே இருந்த ஒரு கீறலுக்கு என்னிடம் காசு கேட்டார்கள். காரை வாங்கியதும் நான்கு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள்.

பஸ்ஸிலேயே இரண்டு நல்ல இடம் போகலாம். ஒன்று போர்ட் பொயென்சாவிலிருந்து தொடங்குகிற போக்கேர் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் பாறைச் சுவர், நடுவே ஆடு மேய்கிற பாதை, கடைசியில் ஒரு சின்னக் கடற்கரை, ஆகவே குடும்பமும் முணுமுணுக்காமல் வரும். பாறைகளில் நீலப் பூங்குருவி பாடும், புதர்களில் பலேரிக் கதிர்க்குருவி இருக்கும். விரல் நீளத்துச் சாம்பல் குருவி, வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கணம் மேலே வந்து மறுபடி புதருக்குள் போய்விடும். உலகத்திலேயே, மயோர்க்காவும் சேர்ந்த இந்தப் பலேரிக் தீவுகளில் மட்டும் கூடு கட்டுகிற பறவை, நாற்பது நிமிடம் நின்றேன், நாலு நொடி பார்த்தேன்.

இன்னொன்று மலையில் இருக்கிற கூபேர் நீர்த்தேக்கம், சீசனில் அல்கூதியா பக்கமிருந்து சோயேருக்குப் போகிற மலைப்பாதை பஸ் அந்த வழியாகப் போகும். இங்கே கரிய பாறு கழுகு உண்டு. 1980களில் இருபதை ஒட்டியே மிஞ்சியிருந்தன, பாதுகாத்துப் பெருக்கினார்கள். இதற்கு விடியற்காலை எழ வேண்டாம், பாறைகள் சூடேறி வெப்பக்காற்று கிளம்பினால்தான் கழுகு மேலே ஏறும், பத்தரை பதினோரு மணி பஸ்ஸில் போனாலே போதும். அந்த ஒரு முழு நாளை நான் இதற்குத்தான் செலவழிக்கிறேன்.

என்ன பைனாகுலர் வாங்குவது?

8x32. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மலிவு விமானங்களில் கைப்பை அளவுக்குக் கறாராக இருப்பார்கள், 8x42 கனம் அதிகம். கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டால் பை எடையில் சேராது என்பது என் பழக்கம். பன்னிரண்டு மடங்கு, பதினாறு மடங்கு என்று கூவி விற்பதை வாங்காதீர்கள், கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகும்.

பெயரெல்லாம் தெரியாதே?

மெர்லின் செயலியில் ஸ்பெயினுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டே பெயர் சொல்லும், அதை அப்படியே நம்பிவிடாமல் கண்ணாலும் பாருங்கள். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளை ஏற்றுகிற ஈபேர்ட் இணையதளத்தின் வரைபடத்தில் நேற்று அங்கே என்ன பார்த்தார்கள் என்பதும் தெரியும்.

விசா, வரி போன்ற செலவுகள்?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் நிரந்தரமாக இருப்பவருக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், பெரியவருக்கு 90 யூரோ, அதற்குமேல் விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். 'மலிவு' டிக்கெட் விலையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இதைக் கூட்டிப் பாருங்கள். தீவில் 16 வயது முடிந்தவர்களுக்கு ஒவ்வோர் இரவுக்கும் சுற்றுலா வரி உண்டு, பெரும்பாலும் ஓட்டலில் தனியாகக் கேட்பார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி, கத்தரிக்காய் உருளைக்கிழங்கு அடுக்கிச் செய்கிற தும்பெத். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லா பேக்கரியிலும் சுருளாக, சர்க்கரை தூவி ஆசை காட்டுகிற என்சாய்மாதாவின் பெயரே பன்றிக் கொழுப்பிலிருந்து வந்தது. நான் மூன்று தின்றபிறகு தெரிந்துகொண்டேன்.

கடற்கரையிலேயே ஏதாவது பறவை உண்டா?

உண்டு. கரையில் பழுப்பு நாடா மாதிரி குவிந்து கிடப்பதைக் குப்பை என்று ஓட்டலில் புகார் சொல்வார்கள், அது பொசிடோனியா கடல்புல், மணலை அலை அரித்துப் போகாமல் பிடித்து வைப்பதே அதுதான். காலையில் ஆள் வருவதற்கு முன் உப்புக்கொத்திகள் அதில் பூச்சி பொறுக்கும். மணல்மேட்டில் கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். அவை வெறும் மணலில் முட்டையிடும், மிதித்தால்கூட உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் ஓடுவான் கடற்காகம். பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயர், தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, ஆனால் அது ஓடாது, கடற்கரையில் குடைகளுக்கு நடுவே சாவகாசமாக நடக்கும். பெரும்பாலும் மத்தியதரைக் கடலோரத்தில்தான் கூடு கட்டும். அடர் சிவப்பு அலகு, கறுத்த கால். பக்கத்தில் சிப்ஸ் திருடிக்கொண்டிருக்கிற மஞ்சள்கால் கடற்காகத்தைவிட மெலிந்து, கண்ணியமாக இருக்கும்.

நீச்சலுடையில் படுத்திருக்கிறவர்களுக்கு நடுவே பைனாகுலரோடு நின்றால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். ஆகவே பகலில் வேண்டாம். முடிந்தவரை முதுகைக் கரைக்குக் காட்டி, கடலைப் பார்த்து நில்லுங்கள், பிள்ளை ஒன்று கூட இருந்தால் நல்லது. ஒரு முறை மாலை ஐந்தரை மணிக்கு உயிர்காக்கும் பணியாளர் தன் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானியச் சொல்லைச் சொன்னேன், 'பாகரோஸ்', பறவைகள். சொல்லிவிட்டுப் பைனாகுலரையே அவர் கையில் கொடுத்தேன். அவர் கடற்காகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டு உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: இங்கே ஏன் நிற்கிறாய், ஏழு மணிக்குத் துறைமுகத்துக்குப் போ, படகிலிருந்து மீன் இறக்குவார்கள், இருபது வரும். போனோம். பதினேழு இருந்தன.